சார்லி சானும் பக்கத்தில் நின்றவர்களும்: பழைய ஹாலிவுட் சிரிப்பு மர்மப் படங்களில் யாருக்கு என்ன வேடம் கிடைத்தது?

கறுப்புவெள்ளை | பதிவு 1

சார்லி சான் வரிசையை ஒழுங்காக முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்துகிறது. இங்கே போட்டால் நாலு பேர் பேசுவார்கள் என்று இழை தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு: சான், ஹொனலுலு போலீஸில் இருக்கும் சீனத் துப்பறிவாளர். எர்ல் டெர் பிக்கர்ஸ் 1925-இல் எழுதிய நாவலில் அறிமுகமானவர். ஹொனலுலுவில் சாங் அபானா என்று நிஜமாகவே ஒரு சீனப் போலீஸ்காரர் இருந்தார். துப்பாக்கியைவிடச் சாட்டையை நம்பிய ஆள். அவரைப் பற்றிய சேதிகளும் இந்தப் பாத்திரத்துக்குள் போயிருக்கின்றன.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். 1926-இல் வந்த தொடர்படத்தில் சானாக நடித்தவர் ஜார்ஜ் குவா. 1927-இல் சோஜின் காமியாமா. இருவரும் ஜப்பானியர்கள். அந்த 1926 தொடரில் சானுக்கு வேலையே கொஞ்சம்தான். 1931-இல் ஃபாக்ஸ் கம்பெனி அவரை முழு நாயகனாக்கியது. வேடம் யாருக்குப் போனது? சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்டுக்கு. அவர் 16 படம், பிறகு சிட்னி டோலர் 22, கடைசியில் ரோலண்ட் வின்டர்ஸ் 6. 1949 வரை மொத்தம் 44 படம். ஒன்றில்கூடச் சானாக ஒரு சீனர் இல்லை. பாத்திரம் சின்னதாக இருந்தவரை ஆசிய நடிகருக்குக் கொடுத்தார்கள், பெரிசானதும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஓலண்ட் நன்றாக நடிக்கிறார். சந்தேக நபர்கள் கூச்சல் போட்டு ஓயும்வரை சும்மா இருந்துவிட்டு, கடைசியில் மெதுவாக ஒரு வாக்கியம் சொல்வாரே, அந்த இடம் ஒவ்வொன்றும் எனக்குப் பிடிக்கிறது. இதை என்ன செய்வது?

நெல்லைச்சீமை | பதிவு 2

அந்தக் காலம் அப்படி. படம் நல்லா இருக்கா, பாத்தோமா, போனோமான்னு இருக்கணும். 90 வருஷத்துக்கு முந்தி எடுத்ததை இன்னைக்குத் தராசுல நிறுத்தா எதுவும் தேறாது அண்ணாச்சி.

ஸ்கார்பரோ தேவகி | பதிவு 3

நெல்லை அண்ணா, 'அந்தக் காலம் அப்படி' என்றால் அந்தக் காலத்தில் இருந்த எல்லாரும் ஒரே மாதிரி யோசித்தவை என்று ஆகிவிடும். அப்பவே வாய்திறந்து கேட்ட ஆட்கள் இருந்தவை.

ஆனா மே வாங் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்த சீனப் பெண். திரையில் சீனர் என்றாலே ஏன் எப்போதும் கொலைகாரரும் துரோகிகளும் என்று 1933-இலேயே பத்திரிகைப் பேட்டியில் கேட்டுவிட்டார். நாலு வருஷம் கழித்து எம்ஜிஎம் 'தி குட் எர்த்' எடுத்தது. சீன விவசாயக் குடும்பத்துக் கதை. நாயகன் பால் மூனி, நாயகி லூயிஸ் ரைனர், இரண்டு பேரும் வெள்ளையர். வாங்குக்குக் காட்டின வேடம் அந்தக் குடும்பத்தைக் குலைக்கிற இரண்டாம் தாரம். மாட்டேன் என்றுவிட்டார். ரைனருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இதற்குப் பின்னால் ஒரு விதியும் இருந்தது. 1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை நெறிமுறை கறாராக அமலுக்கு வந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று அதில் எழுத்திலேயே இருந்தது. ஸ்டூடியோக்கள் அதை ஆசியர்களுக்கும் நீட்டிக்கொண்டன. நாயகனுக்கு ஒருமுறை வெள்ளைக்காரரைப் போட்டுவிட்டால், கதையில் சீனப் பெண்ணாக வரும் நாயகியும் வெள்ளைக்காரியாகத்தான் இருக்க வேண்டி வரும்.

திரைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். 1882-இல் போட்ட சீனக் குடியேற்றத் தடைச் சட்டம் 1943-இல்தான் நீங்கியது. சீனாவில் பிறந்தவர் அதுவரை அமெரிக்கக் குடியுரிமை எடுக்கவே ஏலாது. ஓலண்ட் ஒப்பனை போட்டுச் சானாக நடித்த அத்தனை படங்களும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில் வந்தவை.

கறுப்புவெள்ளை | பதிவு 4

தேவகி சொன்ன சட்டத்தை மனசில் வைத்துக்கொண்டு 'சார்லி சான் அட் தி ஒலிம்பிக்ஸ்' பாருங்கள். 1937 மே மாதம் வந்த படம். சானின் மூத்த மகன் லீ 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு நீச்சல் வீரனாகப் போகிறான். எந்த நாட்டு அணியில் தெரியுமா? அமெரிக்க அணியில். அமெரிக்கச் சீருடையில் சிரித்துக்கொண்டு கப்பலில் திரிகிறான், போட்டியில் ஜெயிக்கவும் செய்கிறான். அப்பா அவசரத்துக்கு ஹிண்டன்பர்க் வான்கப்பலில் பின்னால் வருகிறார். அதன் வாலில் இருந்த நாஜி ஸ்வஸ்திகாவைப் படத்தில் அழித்திருக்கிறார்கள். படம் வெளியான அதே மாதத் தொடக்கத்தில்தான் நிஜ ஹிண்டன்பர்க் எரிந்து விழுந்தது.

லீயாக வருபவர் கீ லூக். குவாங்ஜோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். நடிக்க வருமுன் ஸ்டூடியோக்களுக்கு விளம்பர ஓவியம் வரைந்தவர். இவர் ஆங்கிலம் பேசுவதைக் கவனியுங்கள். அப்பா, அதாவது சுவீடன்காரர், எழுவாய் இல்லாமல் பழமொழி பழமொழியாகப் பேசுவார். மகன், அதாவது நிஜச் சீனர், எந்த அமெரிக்கக் கல்லூரிப் பையனும் பேசுவதுபோலக் கொச்சையாக, வேகமாக, 'பாப், பாப்' என்று பேசுவார். எனக்கு அந்த ஜோடியில் பிடித்த விஷயம், இருவருக்கும் இடையில் நிஜமான பாசம் தெரிகிறது. ஓலண்டைப் பற்றி லூக் கடைசிவரை அன்பாகத்தான் பேசினார்.

பம்பரம் | பதிவு 5

எல்லாரும் சீனர் பக்கமே நிற்கிறீர்கள். மாண்டன் மோர்லண்ட் பெயரை இன்னும் ஒருவரும் எடுக்கவில்லையே!

1942-க்குப் பிறகு ஃபாக்ஸ் வரிசையைக் கைவிட்டது. டோலரே திரைப்பட உரிமையை வாங்கிக்கொண்டு மோனோகிராம் என்ற ஏழைக் கம்பெனிக்குப் போனார். செட்டு சுருங்கியது, கதை மெலிந்தது. 1944-இலிருந்து அந்தப் படங்களைத் தோளில் தூக்கியவர் டிரைவர் பர்மிங்ஹாம் பிரவுனாக வந்த மோர்லண்ட். லூசியானாவில் பிறந்து வாட்வில் என்ற பல்சுவை மேடையில் பழுத்தவர்.

'தி ஸ்கார்லெட் க்ளூ' (1945), 'டார்க் அலிபை' (1946) இரண்டிலும் பென் கார்ட்டரோடு ஒரு பேச்சு வரும். ஒருவர் வாக்கியத்தை முடிக்குமுன் மற்றவர் வெட்டிப் பதில் சொல்வார், அதை முடிக்குமுன் இவர் வெட்டுவார். வசனத்தை அப்படியே சொல்ல முடியாது, வாசனை மட்டும் காட்டுகிறேன்:

'நேத்து யாரைப் பார்த்தேன் தெரியுமா, அந்த...'
'அவனா? அவன் இன்னுமா அங்கே...'
'இல்ல இல்ல, அதை வித்துட்டுப் போய்...'
'அவ்வளவுக்கா? நான் கேள்விப்பட்டது...'
'அது அவன் அண்ணன்!'

இப்படியே ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடும். பார்க்கிற நமக்கு ஒரு தகவலும் கிடைக்காது, அவர்கள் இருவருக்கும் எல்லாம் புரிந்துவிடும். துப்பறிவாளர் உட்பட பக்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் விழிப்பார்கள். கொலைகாரன் யார் என்பதெல்லாம் மறந்து போச்சு, இந்த ஒரு நிமிஷம் மட்டும் மனசில் நிற்கிறது.

நெல்லைச்சீமை | பதிவு 6

பம்பரம், சொன்னீங்கன்னு யூடியூபில் தேடிப் பாத்தேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். தாளம் தப்பாத பேச்சுக் கச்சேரி.

ஸ்கார்பரோ தேவகி | பதிவு 7

நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் அதே படத்தில் மிச்ச நேரம் அவர் என்ன செய்கிறார்? இருட்டைக் கண்டால் கண்ணை உருட்டுவார், பிணத்தைக் கண்டால் ஓடுவார். பயப்படுவதுதான் அவருடைய உத்தியோகம். வீட்டில் பேய் இருக்கிறதா என்று வெள்ளைக்கார நாயகனுக்குச் சந்தேகம் வந்தால் அது மர்மம், கறுப்பு வேலையாளுக்கு வந்தால் அது பகிடி.

வில்லி பெஸ்டை எடுங்கோ. மிசிசிப்பிக்காரர், அருமையான நடிகர். ஆரம்பப் படங்களில் அவருடைய சொந்தப் பெயரைக்கூடப் போடவில்லை. 'ஸ்லீப் அண்ட் ஈட்' என்று போட்டார்கள். தூங்கு, தின்னு! 1932-இல் வந்த 'தி மான்ஸ்டர் வாக்ஸ்' பெயர்ப் பட்டியலில் போய்ப் பாருங்கோ.

கறுப்புவெள்ளை | பதிவு 8

வில்லி பெஸ்ட் என்றால் 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' (1940) பற்றிப் பேசியே ஆகணும். பாப் ஹோப் வானொலிக்காரராக வருவார், பெஸ்ட் அவருடைய வேலையாள் அலெக்ஸ். கியூபாவில் ஒரு பாழடைந்த கோட்டை, புதையல், பேய். மின்சாரம் போன இருட்டில் பெஸ்ட்டின் நிறத்தை வைத்து ஹோப் ஒரு கிண்டல் அடிப்பார், இன்று கேட்டால் முகம் சுளிக்கும். ஆனால் அதைத் தாண்டி இருவரும் சரிசமமாக வார்த்தை மாற்றிக்கொள்கிற இடங்களும் நிறைய உண்டு. கடைசியில் வில்லன் விழுவதே அலெக்ஸ் கையால் திறந்த பொறிக்கதவு வழியாகத்தான்.

அந்தப் படத்தில் நான் நின்று பார்த்தது வேறு ஒருவரை. ஒரு வார்த்தை பேசாமல், உயிரற்ற கண்களோடு நடந்து வருகிற ஜோம்பி. நோபிள் ஜான்சன். 1916-இல் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கிய கூட்டத்தில் ஒருவர். கறுப்பர்களே நடத்தி, கறுப்பர்களுக்காகக் கண்ணியமான படங்கள் எடுத்த முதல் கம்பெனிகளில் ஒன்று அது. இவர் நிறத்தில் கொஞ்சம் வெளுப்பு. அதனால் ஹாலிவுட் இவரை எதற்கும் பயன்படுத்திக்கொண்டது: 'கிங் காங்'கில் தீவின் தலைவன், இன்னொன்றில் ரஷ்யக் கோசாக், இதில் நடைப்பிணம். 24 வருஷத்துக்கு முன்னால் தனிக் கம்பெனி வைத்திருந்த மனிதருக்கு ஒரு வரி வசனம் இல்லை.

கடலைமிட்டாய் | பதிவு 9

பெண்கள் கணக்கு? இந்த வகையில் பெண்களுக்குக் கொஞ்சம் நல்ல பங்கு கிடைத்தது என்று நினைக்கிறேன். 'பெங்குவின் பூல் மர்டர்' (1932) படத்தில் எட்னா மே ஆலிவர் ஒரு முதிர்கன்னி டீச்சர். பிள்ளைகளை மீன் காட்சியகத்துக்குக் கூட்டிவந்த இடத்தில் கொலை. இன்ஸ்பெக்டரையே வகுப்புப் பையன் மாதிரி நடத்துவார். 1937-இலிருந்து கிளெண்டா ஃபாரல் டார்ச்சி பிளேன் என்ற நிருபராக மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போலீஸுக்கு முன்னால் போய் நிற்பார். சூப்பர்மேன் கதையின் லோயிஸ் லேனுக்கே இவர் ஒரு முன்மாதிரி.

ஸ்கார்பரோ தேவகி | பதிவு 10

சரிதான், வெள்ளைக்காரப் பெண்களுக்கு. துப்பறியும் கணவன் மனைவியைப் பற்றிய 'தின் மேன்' வரிசையில் மனைவி நோராவாக வந்த மிர்னா லாய் நல்ல உதாரணம். 1932-இல் அவர் யார்? கதைகளில் வருகிற சீன வில்லன் ஃபு மாஞ்சுவின் மகள்! கண்ணுக்கு மை இழுத்துக் கீழைநாட்டுக் கொடூரியாக நடித்தார். 1934-இல் கையில் மது, பக்கத்தில் நாய்க்குட்டி, புத்திசாலிப் பணக்கார மனைவி. அவருக்கு அந்த வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வர முடிந்தது. ஆனா மே வாங் எதைக் கழற்றுவது?

லாய்க்கு இது விளங்காமல் இல்லை. கறுப்பர் ஒருவர் கையில் பெட்டியோடு நீதிமன்றப் படியேறுவதாக ஒரு காட்சியாவது வைக்கக் கூடாதா என்று எம்ஜிஎம்மிடம் கேட்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வரிசையின் நாலாவது படத்திலும் (1941) லூயிஸ் பீவர்ஸ் அந்த வீட்டுப் பணிப்பெண்தான்.

திருச்சி ரீல் | பதிவு 11

எதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணும்? நம்ம ஊர் காமெடியில் நிறத்தை வைத்து அடிக்காத கிண்டலா...

மட்டுறுத்துநர் | பதிவு 12

நியாயமான பேச்சு, ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள். இது முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

பம்பரம் | பதிவு 13

தேவகி அக்கா, பயப்படுவதே உத்தியோகம் என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன், பாதி. மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

1942-இல் கறுப்பர் உரிமைச் சங்கத் தலைவர் வால்டர் ஒயிட் ஹாலிவுட் வந்து முதலாளிகளைப் பார்த்தார். வேலைக்காரர், கோமாளி வேடங்களை விட்டுவிட்டு மரியாதையான வேடங்கள் கொடுங்கள் என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வேலைக்கார வேடங்களில் சம்பாதித்துக்கொண்டிருந்த நடிகர்களை அவர் கலந்துகொள்ளவில்லை. ஹாட்டி மெக்டானியல் உட்படப் பலருக்குக் கோபம். புது வேடம் வருமுன் பழைய வேடம் போய்விட்டால் அடுப்பு எரியுமா?

பயந்தபடியே ஆயிற்று. ஐம்பதுகளில் மோர்லண்டுக்கு சினிமாவில் வேலை வற்றிப்போனது. 1957 ஜனவரியில் அவர் எங்கே வந்து நின்றார் தெரியுமா? நியூயார்க் பிராட்வே மேடையில், பெக்கெட்டின் கோடோ நாடகத்தில்! வராத ஒருவருக்காக இரண்டு பேர் பேசிக்கொண்டே காத்திருக்கிற நாடகம் அது. முழுக்கக் கறுப்பு நடிகர்களைக் கொண்ட தயாரிப்பு. மோர்லண்ட் எஸ்ட்ரகன், ஏர்ல் ஹைமன் விளாடிமிர். சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள். எங்கும் போய்ச் சேராத பேச்சை இருபது வருஷம் மேடையில் பயின்றவருக்கு அதைவிடப் பொருத்தமான வேடம் இருக்கிறதா? 'டார்க் அலிபை' பேச்சைப் பார்த்துவிட்டு பெக்கெட்டின் அந்த இருவரைப் படியுங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கோமாளி என்று மட்டும் அவரை எழுதி மூட எனக்கு மனசு வரவில்லை.

ஸ்கார்பரோ தேவகி | பதிவு 14

மோர்லண்டை நான் எழுதி மூடவில்லை, பம்பரம். அவருக்கு வேடம் எழுதியவர்களைச் சொல்கிறேன். அவர் திறமைசாலி என்பதால் எழுதியவன் நல்லவனாகிவிட மாட்டான்.

வேறு மாதிரி எழுத முடியாமல் இல்லை என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். 'தி ஃப்ளையிங் ஏஸ்' (1926), புளோரிடா ஜாக்சன்வில்லில் எடுத்த ஊமைப்படம். தயாரித்த ரிச்சர்ட் நார்மன் வெள்ளையர், திரையில் எல்லாரும் கறுப்பர். நாயகன் போரில் விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பி வருகிற ரயில்வே துப்பறிவாளன். அமெரிக்க ராணுவம் அப்போது ஒரு கறுப்பரைக்கூட விமானியாக்கவில்லை! சிரிப்புக்கு ஒற்றைக்கால் உதவியாளன் பெக். ஒரு காலால் சைக்கிள் மிதித்து, ஊன்றுகோலையே துப்பாக்கியாக்கிச் சுட்டுக்கொண்டு திருடர்களைத் துரத்துவான். விமானக் காட்சிகளில் விமானம் தரையை விட்டு எழும்பவில்லை, எல்லாம் கமராத் தந்திரம். இங்கேயும் சிரிக்க வைப்பவர் கறுப்பு நடிகர்தான். ஆனால் பெக்கைப் பார்த்துச் சிரிக்கும்போது யாரும் குறுகிப்போவதில்லை.

நெல்லைச்சீமை | பதிவு 15

பெக் சைக்கிள் ஓட்டுற காட்சியை ரெண்டு தரம் பாத்தேன். அசத்தல்.

சரி, ஒரு கேள்வி. இப்படியெல்லாம் இருக்குன்னா இந்தப் படங்களைக் காட்டாம மூடி வைக்கணுமா? அதைத்தான் நான் ஏத்துக்க மாட்டேன்.

கறுப்புவெள்ளை | பதிவு 16

அதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2003-இல் ஃபாக்ஸ் மூவி சேனல் சான் படங்களைச் சீர்செய்து வரிசையாகப் போடப்போவதாக அறிவித்தது. ஆசிய அமெரிக்க அமைப்புகள் எதிர்த்தன, சேனல் நிறுத்தியது. உடனே ரசிகர்கள் கொதித்தார்கள். கடைசியில் படத்தோடு சேர்த்து ஆசிய அமெரிக்கர்கள் பேசும் ஓர் உரையாடலையும் ஒளிபரப்பினார்கள். அதில் 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் ஜார்ஜ் டகேயும் இருந்தார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. படமும் கிடைத்தது, பேச்சும் கிடைத்தது.

இன்னொன்று, முப்பதுகளில் சீனாவிலேயே சான் படங்கள் நன்றாக ஓடின. 1936-இல் ஓலண்ட் ஷாங்காய் போனபோது பெரிய வரவேற்பு. ஃபு மாஞ்சு மாதிரி அரக்கர்களையே பார்த்துச் சலித்தவர்களுக்குப் புத்திசாலி, நேர்மையான ஒரு சீனர் திரையில் வந்தது ஆறுதலாக இருந்திருக்கும். அங்கேயே சொந்தமாகவும் சான் படங்கள் எடுத்தார்கள், சீன நடிகர்களை வைத்து. வேடிக்கை, ஓலண்ட் அதற்கு முன் ஃபு மாஞ்சுவாகவும் நடித்தவர்.

ஸ்கார்பரோ தேவகி | பதிவு 17

ஷாங்காயில் இருந்தவருக்கு அது வெளிநாட்டுப் படம். சான் பிரான்சிஸ்கோ பள்ளிக்கூடத்தில் படித்த சீனப் பிள்ளைக்கு அப்படி இல்லை. அந்தப் பழமொழிப் பேச்சை வகுப்பில் எல்லாரும் அவனைப் பார்த்துத்தான் பேசிக் காட்டுவார்கள். இரண்டு கைதட்டலையும் ஒரே கணக்கில் எழுத வேண்டாம்.

மூடி வைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. நெல்லை அண்ணா, 'ஃபாண்டம் ஆஃப் சைனாடவுன்' (1940) பாருங்கோ, ஒரு மணித்தியாலம்தான். அதே மோனோகிராம் கம்பெனி மிஸ்டர் வாங் என்ற சீனத் துப்பறிவாளரை வைத்து ஐந்து படம் எடுத்தது, ஐந்திலும் வாங்காக வெள்ளைக்காரர் போரிஸ் கார்லாஃப். ஆறாவதில் என்ன நினைத்தார்களோ, வேடத்தைக் கீ லூக்குக் கொடுத்தார்கள்.

நெல்லைச்சீமை | பதிவு 18

பாத்துட்டேன். கதை சுமார், செட்டு அட்டை. ஆனா கீ லூக் வர்றப்போ வித்தியாசமாத்தான் இருக்கு. பழமொழி கிடையாது, குனிஞ்சு கும்பிடுறது கிடையாது. கோட்டுப் போட்டுக்கிட்டு சாதாரணமா பேசுறார். சீனப் பேரரசர் கல்லறையைத் தோண்டி எடுத்துட்டு வந்ததுதான் கதைக்கு மூலம். போலீஸ்காரர்கிட்ட இவர் முகத்தை அசைக்காம, சீனாவுல இருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு ஜார்ஜ் வாஷிங்டன் சடலத்தைத் தோண்ட வந்திருக்குங்கிற மாதிரி ஒரு போடு போடுவார் பாருங்க. 1940-ல அந்த வரியை எப்படி விட்டாங்க?

இதுல அடுத்த பாகம் எது?

பம்பரம் | பதிவு 19

அடுத்தது கிடையாது. வரிசையே அந்தப் படத்தோடு முடிந்தது.

கீ லூக் 1948-இல் 'தி ஃபெதர்ட் சர்ப்பென்ட்' படத்தில் மறுபடி மூத்த மகன் லீயாக வந்தார். அப்பா சானாக ரோலண்ட் வின்டர்ஸ். இருவரும் 1904-இல் பிறந்தவர்கள். லூக் ஜூனில், வின்டர்ஸ் நவம்பரில். மகன் அப்பாவைவிட ஐந்து மாசம் மூத்தவர், அப்பவும் 'பாப்' என்றே கூப்பிட வேண்டியிருந்தது.

கடலைமிட்டாய் | பதிவு 20

அவருக்குச் சான் வேடம் கடைசிவரை கிடைக்கவே இல்லையா?

கறுப்புவெள்ளை | பதிவு 21

கிடைத்தது, 1972-இல், முகம் இல்லாமல். ஹன்னா-பார்பெரா எடுத்த கார்ட்டூனில் சானுக்குக் குரல் கொடுத்தார். 16 அத்தியாயம், சான் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் ஆசிய வம்சாவளிச் சிறுவர்களைப் பேசவைத்துவிட்டு, உச்சரிப்பு அமெரிக்கக் குழந்தைகளுக்குப் புரியாது என்று பலரை மாற்றிவிட்டார்கள். மாற்றாக வந்த சிறுமிகளில் ஒருத்தி ஜோடி ஃபாஸ்டர்.

கதைகளை விடுங்கள், எல்லாம் ஒரே அச்சு. கீ லூக் குரலுக்காக ஒரு அத்தியாயம் கேளுங்கள். அந்த ஆழமான, பதமான குரலை வைத்துக்கொண்டு இவர் 'பாப், பாப்' என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.